இருபதோடு போச்சு

தாம்பரத்திலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருந்தார். வயது 61. சீட்டுக்கட்டைக் கையால் தொட்டதில்லையாம். 'ரம்மி எப்படி ஆடுவது என்று ஒரு வாரம் எழுதுங்களேன். நான் ஆடுவதற்கு இல்லை. சட்டம் வந்து அந்த ஆப்பை மூடுகிற வரைக்கும், மூன்று வருஷத்தில் நாலு லட்சத்தை என் மகன் எதில் விட்டான் என்று எனக்குப் புரிய வேண்டும். கேட்டால், உனக்குச் சொன்னாப் புரியாதும்மா, அது ஸ்கில் கேம் என்கிறான்.'

புரியாமல் என்ன? பத்து நிமிஷத்தில் புரிகிற ஆட்டம்தான். கல்யாண சத்திரத்தில் முகூர்த்தத்துக்கு முதல் நாள் ராத்திரி மாடி ரூமில் நடக்குமே ஒரு கச்சேரி, அதில் சமையல்காரர் முதல் சம்பந்தி வரை சரிசமமாக உட்கார்ந்திருப்பதற்குக் காரணமே, ஆட்டம் எளிது என்பதுதான்.

இதற்காக ரம்மி சொல்லித் தரும் பாடங்களைத் தேடிப் பிடித்துப் பார்த்தேன். பழைய பிளாட்பாரப் புத்தகம், வீடியோ, ஆப்காரர்கள் போட்ட விளக்கம் என்று ஒரு டஜன் தேறும். எல்லாவற்றிலும் ஒரே குறை. சீட்டைச் சேர்ப்பது பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறது. கையைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்திருப்பது பற்றி ஒரு வரி. சிப்ஸ் பற்றி அரை வரி. சமையல் புத்தகத்தில் அடுப்பைப் பற்ற வைக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு, அணைப்பதைப் பற்றிப் பேசாமல் விட்ட மாதிரி.

முதலில் ஆட்டத்தைப் பார்த்துவிடுவோம். கட்டில் 52 சீட்டு. ஆட்டின், டைமன், கிளாவர், இஸ்பேட் என்று நாலு ஜாதி. (சீட்டில் மட்டும்தான் இந்த வார்த்தையை நிம்மதியாக எழுத முடிகிறது.) ஒவ்வொரு ஜாதியிலும் ஆஸ் முதல் ராஜா வரை 13. இரண்டு பேருக்கு மேல் உட்கார்ந்தால் இரண்டு கட்டைக் கலந்துவிடுவார்கள். ஆளுக்கு 13 சீட்டு. மிச்சத்தை நடுவில் கவிழ்த்து வைத்து, பக்கத்தில் ஒரே ஒரு சீட்டைத் திறந்து வைப்பார்கள். உங்கள் முறை வந்ததும், கவிழ்த்த கட்டிலிருந்து ஒன்றோ, முன் ஆள் திறந்து போட்டதையோ எடுக்க வேண்டும். பதிலுக்கு வேண்டாத ஒன்றைப் போட வேண்டும். எடு, போடு. மொத்த வேலையும் இவ்வளவுதான்.

எதற்காக எடுத்துப் போடுவது? 13 சீட்டையும் மூன்று மூன்றாக, நாலு நாலாகக் கோக்க வேண்டும். ஒரே ஜாதியில் 5, 6, 7 என்று வரிசையாக வந்தால் அது சீக்வென்ஸ். மூன்று வேறு ஜாதியில் மூன்று ஒன்பது வந்தால் அது செட். குறைந்தது இரண்டு சீக்வென்ஸ் வேண்டும். அதில் ஒன்று ஜோக்கர் கலக்காத சுத்தமான வரிசையாக இருக்க வேண்டும். அதைத்தான் 'லைஃப்' என்பார்கள். லைஃப் இல்லாதவன் கையில் மற்றதெல்லாம் தங்கமாகச் சேர்ந்திருந்தாலும் எண்ணிக்கைக்கு வராது. எதிராளி ரம்மி அடித்துவிட்டால் இவனுடைய அத்தனை சீட்டையும் கூட்டுவார்கள். ஆஸ், ராஜா, ராணி, ஜாக்கி தலைக்குப் பத்து. மற்றதற்கு முகத்தில் எழுதியிருக்கிற எண். கூட்டல் எவ்வளவு போனாலும் 80-க்கு மேல் போகாது. அந்த 80-க்குப் பேர் ஃபுல். சேராமலே சேர்ந்துவிட்டது என்று தப்பாகக் கீழே வைத்தாலும் அதே 80.

ஜோக்கர்? பொம்மை போட்ட ஜோக்கர் தவிர, ஆட்டம் தொடங்கும்போது ஒரு சீட்டை உருவி, அந்த எண்ணுள்ள எல்லாச் சீட்டும் இந்த ஆட்டத்துக்கு ஜோக்கர் என்பார்கள். காலியான இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். எந்த ஆபீஸிலும் இப்படி ஒருவர் இருப்பார்.

ஒரு ஆட்டமாக ரம்மியை எடை போட்டால், மிக நல்ல மதிப்பெண் கொடுப்பேன். எளிய விதி, நுணுக்கமான விளைவு. உதாரணத்துக்கு ஒன்று. ராஜா பெரிய சீட்டு, கையில் இருந்தால் ஒரு கெத்து. ஆனால் மூன்று சீட்டு வரிசையில் ராஜா சேர இரண்டே வழிதான்: ஜாக்கி-ராணி-ராஜா, அல்லது ராணி-ராஜா-ஆஸ். சாதாரண ஏழுக்கு மூன்று வழி. மாட்டிக்கொண்டால் ராஜாவுக்குப் பத்து, ஏழுக்கு ஏழு. ஆக, கெத்தைக் கையில் வைத்திருக்க அதிக வாடகை, குறைந்த வருமானம். ஆஸும் அப்படியே. இரண்டுக்கும் இரண்டே வழிதான், ஆனால் வாடகை கம்மி. இதையெல்லாம் நல்ல ஆட்டக்காரன் கூட்டிக் கழித்துப் பார்ப்பதில்லை. விரலே சொல்லிவிடும்.

இன்னொன்று, ஞாபகம். இரண்டு கட்டு கலந்த ஆட்டத்தில் ஆட்டின் ஏழு இரண்டு உண்டு. இரண்டும் விழுந்துவிட்டால், கையில் ஆட்டின் ஆறையும் எட்டையும் வைத்துக்கொண்டு நடுவுக்குக் காத்திருப்பவன் வராத பஸ்ஸுக்கு நிற்கிறான். எதிரே உட்கார்ந்திருக்கும் மாமா போன சுற்றில் எந்தச் சீட்டை ஆசையாக எடுத்தார், எதைத் தயங்கித் தயங்கிப் போட்டார் என்பதைக் கவனிப்பது தனி வித்தை. கிளப்பில் மனுஷ முகத்தைப் படிப்பது பாதி ஆட்டம்.

இப்போது பாடப் புத்தகங்கள் ஒரு வரியில் தாண்டிப் போகிற விஷயத்துக்கு வருகிறேன்.

13 சீட்டு கைக்கு வருகிறது. விரித்துப் பார்க்கிறீர்கள். இரண்டு ராஜா, ஒரு ஆஸ், ஒரு ஜாக்கி, ஒன்றுக்கொன்று முகம் பார்க்காத ஜாதிகள். ஜோக்கர் இல்லை. லைஃபுக்கு வாசனை கூட இல்லை. என்ன செய்யலாம்? உங்கள் முதல் சீட்டை எடுப்பதற்கு முன்னால், 'நான் வரலை' என்று கவிழ்த்து வைத்துவிடலாம். அபராதம் 20 பாயிண்ட். ஆப் பாஷையில் டிராப், கிளப்பில் ஸ்கூட். ஒரு சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் வைக்கிறேன் என்றால் 40. கடைசி வரை இருந்து தோற்றால் 80 வரை.

இருபது, நாற்பது, எண்பது. ரம்மியைக் கண்டுபிடித்தவர்களில் எந்தப் புண்ணியவான் இந்த ஏற்பாட்டைச் சேர்த்தாரோ, அவருக்கு ஒரு கும்பிடு. பி.காமில் எனக்கு மூன்று வருஷம் சொல்லிக் கொடுத்ததை மூன்று எண்ணில் சொல்லிவிட்டார். வராத கடனை வராது என்று முதல் வருஷமே கணக்கில் எழுதிவிடுகிற கம்பெனிக்கு 20 நஷ்டம். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று இழுக்கிற கம்பெனிக்கு 40. கடைசி வரை பேலன்ஸ் ஷீட்டில் சொத்தாகக் காட்டிக்கொண்டே போகிற கம்பெனிக்கு என்ன ஆகும் என்று தெரியும்.

ஆறு பேர் மேஜையில் சராசரிக் கை ஆறில் ஒரு முறைதான் ஜெயிக்கும். மோசமான கைக்கு அதிலும் கீழே. மீதித் தடவைகளில் 50, 60, 80 என்று எண்ணிக் கொடுக்க வேண்டும். எனவே மோசமான கைக்கு 20 என்பது மலிவான விலை. கணக்கு அப்படிச் சொன்னாலும், கை கேட்க மாட்டேன் என்கிறது. அடுத்த சீட்டு என்னவாக இருக்கும் என்று ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் தேவலை என்று அரிக்கிறது. அந்த அரிப்பின் விலை இன்னொரு இருபது. எனக்குத் தெரிந்த ஒரு ரிட்டயர்டு போஸ்ட் மாஸ்டர், கிளப்பில் எல்லோரும் பயப்படுகிற ஆட்டக்காரர். பிரமாதமாகச் சீட்டுச் சேர்ப்பவர் என்று சொல்ல முடியாது. பத்துக் கையில் நாலைந்தை, 'இருபதோடு போச்சு' என்று வைத்துவிட்டு, வெளியே போய் வெற்றிலை போட்டுக்கொண்டு வருவார். மாசக் கடைசியில் கணக்குப் பார்த்தால் கையைக் கடித்திருக்காது.

ரம்மியில் திறமை என்று ஒன்று இருக்கிறது என்றால் அதில் பாதிக்கு மேல் இங்கேதான் இருக்கிறது. இதில்தான் சிப்ஸ் வந்து விளையாடுகிறது.

சிப்ஸ் வைத்து ஆடுவதில் மூன்று வகை. ஒன்று, பாயிண்ட் ஆட்டம். பாயிண்ட்டுக்கு ஒரு ரூபாய் என்று பேசிக்கொண்டால், 60 பாயிண்ட்டில் மாட்டியவர் 60 ரூபாய் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு ஆட்டமும் தனி. இரண்டாவது, பூல். எல்லோரும் ஒரே தொகையைக் கட்டி உட்காருவார்கள். பாயிண்ட் ஏறிக்கொண்டே போகும். 101 தொட்டவர் அவுட். கடைசியில் மிஞ்சியவருக்கு மொத்தமும். மூன்றாவது, டீல். இத்தனை டீல்தான் ஆட்டம் என்று முதலிலேயே முடிவு. தலைக்குச் சமமாகச் சிப்ஸ். தோற்ற பாயிண்ட் அளவுக்குச் சிப்ஸை ஜெயித்தவரிடம் தள்ள வேண்டும். டீல் முடிந்ததும் யாரிடம் குவியல் பெரிதோ அவர் ராஜா.

விமர்சகன் என்ற முறையில் எனக்கு டீல் ஆட்டம்தான் உசத்தி. தொடக்கமும் முடிவும் உள்ள ஆட்டம். அதிகபட்சம் எவ்வளவு போகும் என்று உட்காரும்போதே தெரியும். பூல் பரவாயில்லை, நாவல் மாதிரி கொஞ்சம் நீளும். பாயிண்ட் ஆட்டத்துக்கு முடிவே கிடையாது. மெகா சீரியல். ஆப்களில் அதுதான் வாசலிலேயே நின்று கூப்பிட்டது என்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

சிப்ஸ் என்ற வஸ்து நம் வீடுகளில் புளியங்கொட்டையாக இருந்தது. சில வீட்டில் தீக்குச்சி, சில வீட்டில் சோழி. புளியங்கொட்டைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. குறைவது கண்ணில் படும். இரண்டு கை நிறைய இருந்தது, ஒரு கைக்கு வந்து, அப்புறம் எண்ணிப் பார்க்கிற அளவுக்கு வந்துவிடும். பக்கத்து ஆள் 'என்னடா, கொட்டை காலியா?' என்று கிண்டல் பண்ணுவான். வெட்கம் வரும். அம்மா சாப்பிடக் கூப்பிடுவாள்.

கிளப்பில் பிளாஸ்டிக் டோக்கன். அங்கேயும் ஒருவன் குவியல் கரைவதை மேஜை முழுக்கப் பார்க்கும். பணத்தை டோக்கனாக மாற்றினால் வலி குறையும் என்பது சூதாட்டக்காரர்களுக்கு எப்போதோ தெரியும். கோவா காசினோவுக்குப் போனவர்கள் சொல்வார்கள், ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டும்போது இருக்கிற தயக்கம் கலர் வில்லையைத் தள்ளும்போது இருக்காது. இருந்தாலும் வில்லை தீர்ந்தால் எழுந்து கேஷியரிடம் நடக்க வேண்டும். அந்த இருபது அடி நடையில் சிலருக்குப் புத்தி வந்திருக்கிறது.

ஆப்பில் நடை இல்லை. குவியலும் இல்லை. திரையின் ஒரு மூலையில் ஒரு எண், அவ்வளவுதான். தீர்ந்தால் விரலால் ஒரு தட்டு. சீட்டைக் கலைக்கிற நேரம், வெட்டுகிற நேரம், டீ வருகிற நேரம், 'போன ஆட்டத்தில் நீ அந்த எட்டைப் போட்டிருக்கக் கூடாது' என்று சண்டை போடுகிற நேரம், எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டார்கள். மேஜையில் உட்கார்ந்து மணிக்கு நாலு ஆட்டம் ஆடினவன் போனில் பதினைந்து ஆடலாம். சீட்டை அடுக்கித் தர ஒரு பட்டன். பல ஆப்களில், இதுவரை எந்தச் சீட்டெல்லாம் விழுந்தது என்று பட்டியலே திறக்கும். ஞாபகம் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. எதிரே முகமும் இல்லை, படிப்பதற்கு. மிஞ்சியிருப்பது, எப்போது வைத்துவிட்டு எழுந்திருப்பது என்ற ஒரே திறமை. அதற்குத் தேவையான வலியைச் சிப்ஸ் மரத்துப் போகச் செய்துவிட்டது.

தாம்பரத்து அம்மாவின் நாலு லட்சத்தை இப்போது வகுத்துப் பார்க்கலாம். மூன்று வருஷம் என்பது 1,095 நாள். வகுத்தால் நாளைக்கு 365 ரூபாய் சொச்சம். பாயிண்ட்டுக்கு ஒரு ரூபாய் மேஜையில் ஒரு ஃபுல் 80 ரூபாய். ஆக, நாலரை ஃபுல். ராத்திரி சாப்பிட்டுவிட்டு மொட்டை மாடியில் அரை மணி நேரம் நின்றால் போகக்கூடிய தொகை. அவர் மகன் ஏதோ பயங்கரமான இடத்துக்குப் போய்ப் பயங்கரமான காரியம் செய்ததாக நினைத்துக்கொண்டிருந்திருப்பார். ஒரு சாப்பாட்டுக்கும் ஒரு சினிமா டிக்கெட்டுக்கும் ஆகிற காசு தினம் தினம் கசிந்திருக்கிறது, அவ்வளவுதான். வீட்டில் குழாய் சொட்டினால் சத்தமாவது கேட்கும்.

கமிஷன் என்று ஒரு சமாச்சாரம் உண்டு. நாலு நண்பர்கள் வீட்டில் ஆடினால் ஒருவன் விட்டது இன்னொருவன் பாக்கெட்டில் இருக்கும். ஊர்க் காசு ஊரிலேயே சுற்றும். மேஜை போட்டவன் கை வைத்தால் கதை வேறு. ஒரு பேச்சுக்கு, ஆறு பேர் தலைக்கு 500 வைத்து உட்காருகிறார்கள். மொத்தம் 3,000. ஒரு ஆட்டத்தில் 200 ரூபாய் கை மாறுகிறது, மேஜைக்காரர் அதில் நூற்றுக்குப் பத்து எடுத்துக்கொள்கிறார் என்று வையுங்கள். ஆட்டத்துக்கு 20. நூற்றைம்பது ஆட்டம் ஆனால் 20 பெருக்கல் 150, மூவாயிரம். ஆறு பேரும் சரிசமமான கெட்டிக்காரர்களாக இருந்தால் ஆறு பேரும் காலி. மணிக்குப் பதினைந்து ஆட்டம் என்றால் பத்து மணி நேர வேலை. இதில் 2023 அக்டோபரில், ஆட்டத்துக்காகப் போட்ட முழுப் பணத்துக்கும் 28 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு வந்து சேர்ந்தது. கமிஷனும் வரியும் போக மீதியில்தான் 'திறமை' வேலை செய்ய வேண்டியிருந்தது.

'ஸ்கில் கேம்' என்று மகன் சொன்னாரே, அது எங்கிருந்து வந்தது? 1967-ல் சுப்ரீம் கோர்ட்டிலிருந்து. செகந்தராபாத்தில் கிரெசன்ட் ரெக்ரியேஷன் கிளப் என்ற கிளப்பில் பணம் வைத்து ரம்மி ஆடினவர்களைப் போலீஸ் பிடித்த வழக்கு. தீர்ப்பு எழுதியவர் ஹிதயதுல்லா. மூணு சீட்டு மாதிரி ரம்மி முழுக்க அதிர்ஷ்டம் அல்ல, விழுந்த சீட்டை ஞாபகம் வைப்பதிலும் எதை வைத்துக்கொள்வது எதைப் போடுவது என்பதிலும் திறமை வேண்டியிருக்கிறது, ஆகவே பிரதானமாக இது திறமை ஆட்டம்தான் என்றது தீர்ப்பு. இதை ஆப் விளம்பரங்கள் அத்தனையும் மனப்பாடமாகச் சொல்லின. அதே தீர்ப்பில் அடுத்து ஒரு சங்கதி வருகிறது. பணம் வைத்து ஆடுகிற ஆட்டத்திலிருந்து இடத்துக்காரரோ கிளப்போ லாபம் பார்ப்பதற்கு ஆதாரம் இருந்தால் குற்றமாகலாம் என்றும் அதில் இருக்கிறது. இந்தப் பாதியை எந்த விளம்பரத்திலும் நான் பார்த்ததில்லை.

பிறகு நடந்தது நம் ஊர்க் கதை. 2020 நவம்பரில் தமிழ்நாட்டில் அவசரச் சட்டம், ஆன்லைன் ரம்மிக்குத் தடை. அது சட்டமாகி, 2021 ஆகஸ்ட்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022-ல் நீதிபதி சந்துரு தலைமையில் குழு, மறுபடி அவசரச் சட்டம், மசோதா, கவர்னர் திருப்பி அனுப்பியது, சட்டசபை மறுபடி நிறைவேற்றியது, 2023 ஏப்ரலில் ஒப்புதல். அதே வருஷம் நவம்பரில் உயர் நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனால் தடைப் பட்டியலில் ரம்மியும் போக்கரும் இருப்பது செல்லாது, அவை திறமை ஆட்டங்கள் என்றது. 2025-ல் ராத்திரி 12 மணி முதல் காலை 5 மணி வரை பண ஆட்டம் கூடாது என்று மாநில விதி வந்தது. அந்த ஜூனில் உயர் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. ஆகஸ்ட்டில் பார்லிமென்ட் மூன்றே நாளில் ஒரு சட்டத்தைக் கொண்டுவந்து, திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு, பணம் கட்டி ஆடுகிற ஆன்லைன் ஆட்டம் எதுவும் கூடாது என்றது. பெரிய ஆப்களெல்லாம் பண ஆட்டத்தை நிறுத்தின.

இந்தக் கூத்தில் இத்தனை வருஷம் வீணான கேள்வி, ரம்மி திறமையா அதிர்ஷ்டமா என்பது. திறமைதான், யார் இல்லை என்றது? திறமை இருந்தால் ஆபத்து குறைவு என்று எல்லோரும் எடுத்துக்கொண்டதுதான் கோளாறு. மூணு சீட்டில் விட்டவன் தலையெழுத்து என்று திட்டிவிட்டு வீட்டுக்குப் போவான். ரம்மியில் விட்டவன் அப்படிப் போக மாட்டான். 'அந்த கிளாவர் எட்டை விட்டிருக்கக் கூடாது' என்று யோசிப்பான். பெரும்பாலும் அவன் யோசிப்பது சரியாகவே இருக்கும். ஆட்டம் முடிந்ததும் எல்லோர் கையும் விரிந்து தெரியும்போது தன் தப்பு அவனுக்கே தெரிகிறது. தப்புத் தெரிந்தவன் திருத்திக்கொள்ளலாம் என்றுதானே திரும்ப வருவான்? தோல்வியைப் பாடமாகவும் கட்டிய பணத்தை ஃபீஸாகவும் காட்டுகிற ஆட்டம் இது. நன்றாகப் படிக்கிற பையன்கள், கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள், பேங்க்காரர்கள் இதில் சிக்கியதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். சூது என்று சொன்னால் ஒதுங்கிப் போயிருப்பார்கள். திறமை என்று சொன்னதும் ரோஷம் வந்துவிட்டது.

சூதுக்குத் தனி அதிகாரம் ஒதுக்கிய வள்ளுவர், தோற்றவனைப் பற்றி ஆரம்பிக்கவில்லை பாருங்கள். ஜெயித்தவனைப் பற்றி ஆரம்பிக்கிறார். ஜெயித்த பணத்தையே மீன் விழுங்கின தூண்டிலோடு சேர்க்கிறார். புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஆப்களில் கொடுத்தார்களே ஜாயினிங் போனஸ், அது எனக்கு ஞாபகம் வரும்.

'அப்படியானால் ரம்மியே வேண்டாமா?' என்று கேட்டால், என் பதில் வேண்டும் என்பதுதான். 2025-க்குப் பிறகும் இலவசச் சிப்ஸ் கொடுக்கிற ஆப்கள் இருக்கின்றன, பார்த்தேன். அதில் ஆட்டம் சப்பென்று இருக்கிறது. லட்சக் கணக்கில் சிப்ஸ் சும்மா வருவதால் யாரும் இருபதில் வைப்பதில்லை, குப்பைக் கையோடு கடைசி வரை வருகிறார்கள். காசு வைத்தால் வலி மரத்துப் போகிறது, காசே இல்லை என்றால் வலிப்பதற்கு ஒன்றுமில்லை. ரம்மி நன்றாக இருக்க, தோற்றால் கொஞ்சம் கூச வேண்டும். அதற்கு ரூபாய் தேவையில்லை, எதிரே தெரிந்த முகம் நாலு போதும்.

வீட்டில் ஆட நினைப்பவர்களுக்கு என் சிபாரிசு, ஆறு டீல் ஆட்டம். ஒரு டீலில் அதிகபட்சம் 80 போகும் என்பதால் தலைக்கு 480. அவ்வளவு புளியங்கொட்டைக்கு எங்கே போவது? கொட்டை ஒன்றுக்கு 10 என்று வைத்துக்கொண்டால் 48 போதும், சில்லறைக்குத் தீக்குச்சி. டிராப் 20, மிடில் 40, கண்டிப்பாக உண்டு. டிராப் செய்தவரைக் கிண்டல் பண்ணக் கூடாது. பண்ணினால் பத்து அபராதம். கடன் கொட்டை கொடுக்கக் கூடாது. சீட்டுக்கட்டு வாங்கும்போது இரண்டும் ஒரே முதுகு டிசைனாகப் பார்த்து வாங்குங்கள். ஒன்று சிவப்பு, ஒன்று நீலம் என்று இருந்தால், கவிழ்ந்திருக்கும் அடுத்த சீட்டு எந்தக் கட்டிலிருந்து வருகிறது என்று மேஜைக்கே தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் என் பெண் அதை வைத்தே இரண்டு மாசம் எங்களை ஜெயித்துக்கொண்டிருந்தாள்.